ஃபுளோரிடா 2000: எண்ண எண்ண வித்தியாசம் ஏன் மாறிக்கொண்டே போனது?

இளவேனில்:

2000 அமெரிக்க அதிபர் தேர்தலில், அதிபர் யார் என்பதையே தீர்மானித்த ஃபுளோரிடா முடிவு பற்றி ஒரு தெளிவு வேண்டும். இறுதிக் கணக்கு எங்கே பார்த்தாலும் ஒன்றுதான்: புஷ் 29,12,790, அல் கோர் 29,12,253, வித்தியாசம் 537. ஆனால் அந்த 537-க்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் பிடிபடவில்லை. தேர்தலுக்கு மறுநாள் 1,784. இயந்திரத்தில் மறுபடி ஓட்டியதும் 327. நவம்பர் 14-ல் 300. வெளிநாட்டுத் தபால் ஓட்டு சேர்ந்ததும் 930. நவம்பர் 26-ல் 537.

அதே சீட்டுகளைத்தானே திரும்ப எண்ணினார்கள்? யாரும் கைவரிசை காட்டாமலே எண் இப்படி மாறுமா? பாம் பீச் கவுண்டியின் 'பட்டாம்பூச்சி' சீட்டில் அத்தனை பேர் எப்படித் தவறினார்கள்? முழுக்க எண்ணியிருந்தால் கோர்தான் என்று ஓரிடத்தில் படிக்கிறேன், எப்படி எண்ணினாலும் புஷ்தான் என்று இன்னோரிடத்தில். எது சரி?

மணிவண்ணன்:

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். மாறும். யாரும் சீட்டைத் தொட்டுத் திருத்தாமலேயே மாறும்.

அமெரிக்காவில் தேர்தலை நடத்துவது கவுண்டிகள், நம் மாவட்டம் போன்றவை. இயந்திரம் வாங்குவது, சீட்டு வடிவமைப்பது, எண்ணுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஃபுளோரிடாவில் 67 கவுண்டிகள். 2000-ல் அவற்றில் 24 துளை அட்டை முறையிலும் 41 ஸ்கேனர் தாள் முறையிலும் தேர்தல் நடத்தின. மார்ட்டின் கவுண்டியில் பழைய நெம்புகோல் இயந்திரம், யூனியன் கவுண்டியில் கையால் எண்ணும் காகிதச் சீட்டு. கதையின் பெரும்பகுதி அந்த 24-ல்தான்.

துளை அட்டைக் கருவிக்கு வோட்டோமேட்டிக் என்று பெயர். 1960-களில் வந்தது. அட்டையில் வேட்பாளர் பெயரே இருக்காது. வெறும் எண்களும், தபால்தலைத் தாளில் இருப்பதுபோல் நான்கு மூலையிலும் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்னச் செவ்வகங்களும்தான். அந்தச் செவ்வகத் துணுக்குதான் சாட். வாக்காளர் செய்ய வேண்டியது இது: அட்டையைக் கருவியின் மேல்விளிம்புப் பிளவில் நுழைத்துக் கீழே தள்ள வேண்டும். அட்டையின் தலையில் உள்ள இரண்டு ஓட்டைகளும் கருவியின் இரண்டு முளைகளில் சரியாக உட்கார வேண்டும். மேலே பெயர்கள் அச்சிட்ட ஏடு இருக்கும். அந்த ஏட்டின் நடுவில் வரும் துளை வரிசையில் வேண்டிய துளைக்குள் ஊசியை நேர்க்கோணமாக அழுத்த வேண்டும். சாட் பிரிந்து, அடியில் உள்ள ரப்பர் பட்டைகளுக்கு நடுவே நழுவித் தட்டில் விழும்.

இதில் எங்கெல்லாம் சறுக்கும் என்று பாருங்கள். அட்டை முளையில் முழுதாக உட்காராவிட்டால் ஊசி செவ்வகத்தின் நடுவில் படாமல் ஓரத்தில் படும். அடித்தட்டைக் காலி செய்யாமல் விட்டால் பழைய துணுக்குகள் குவிந்து புதியது இறங்க இடமிருக்காது. ரப்பர் பட்டை ஆண்டுக்கணக்கில் இறுகிப்போயிருந்தாலும் அதே கதி. ஊசியைச் சாய்த்துக் குத்தினால் ஒரு பக்கம் மட்டும் கிழியும். சிலர் அட்டையைப் பிளவுக்குள் விடாமல் ஏட்டின் மேலேயே வைத்துக் குத்திவிடுவார்கள். அட்டையின் பின்பக்கத்தைத் தடவித் தொங்கும் துணுக்கைப் பிய்த்துவிடச் சொல்லி அறிவிப்பு இருந்தது. கூட்டம் நிற்கும் வாக்குச்சாவடியில் அதை எத்தனை பேர் செய்வார்கள்?

இதன் விளைவாக வந்த அரைகுறைத் துளைகளுக்குத்தான் அந்த நவம்பரில் உலகமே பெயர் கற்றுக்கொண்டது. ஒரு மூலை மட்டும் ஒட்டியிருந்தால் தொங்கும் சாட். இரண்டு மூலை ஒட்டியிருந்தால் ஊசலாடும் சாட். மூன்று மூலை ஒட்டியிருந்தால் ட்ரை-சாட். நான்கும் ஒட்டி, நடுவில் பள்ளம் மட்டும் விழுந்திருந்தால் டிம்பிள்.

இப்போது எண்ணும் இயந்திரம். அட்டைகளை அடுக்கி வைத்தால் அவை வேகமாக ஓடும், ஒவ்வொரு துளை வழியாகவும் வெளிச்சம் வருகிறதா என்று அது பார்க்கும். தொங்கும் சாட் ஓட்டத்தில் மடங்கித் துளையை மூடிக்கொண்டால் ஓட்டு இல்லை. அடுத்த ஓட்டத்தில் அதே சாட் உதிர்ந்துவிட்டால் ஓட்டு உண்டு. அட்டையைக் கட்டுப் பிரிப்பது, அடுக்குவது, ஓட்டுவது எல்லாமே துணுக்குகளை உதிர்க்கும். ஆகவே துளை அட்டையை மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் ஓட்டு கூடும். ஜனநாயகக் கட்சியின் பெரிய கோட்டைகளான மயாமி-டேட், ப்ரோவார்ட், பாம் பீச் மூன்றிலும் துளை அட்டை என்பதால் கூடியதில் கோர் பங்கு அதிகம். 1,784 என்பது 327 ஆக இறங்கியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

300-லிருந்து 930-க்கு ஏறியதற்குக் காரணம் வேறு. வெளிநாட்டிலிருந்து வரும் தபால் ஓட்டுக்கு நவம்பர் 17 வரை அவகாசம். அதில் ராணுவத்தினர் நிறைய, புஷ் பக்கம் அதிகம். பிறகு ப்ரோவார்டில் கையால் எண்ணி முடித்தபோது கோருக்கு நிகரமாக 567 கூடியது. இந்தப் பக்கம் நாசா கவுண்டி, மறு எண்ணிக்கையில் சில சீட்டுகள் விடுபட்டன என்று சொல்லி முதல் கணக்குக்கே திரும்பியதால் புஷ்ஷுக்குச் சுமார் 50 திரும்பி வந்தது. இவற்றோடு வேறு சில திருத்தங்களையும் கூட்டிக் கழித்துத்தான் 537.

ஸ்கேனர் முறையிலும் கோளாறு வந்தது. தேர்தல் இரவில் வொலூஷியா கவுண்டியின் 216-ம் சாவடியிலிருந்து வந்த மெமரி கார்டு, கோருக்குக் கழித்தல் 16,022 ஓட்டு என்று காட்டியது. அன்றிரவே கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். ஆனால் தொலைக்காட்சிகள் அதிகாலை 2 மணி தாண்டி 'ஃபுளோரிடா புஷ்ஷுக்கு' என்று அறிவித்ததில் அந்தத் தப்புக் கணக்குக்கும் பங்கு இருந்தது.

சுமார் 59.6 லட்சம் ஓட்டு பதிவான இடத்தில் 537 என்பது பத்தாயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை. அந்த இயந்திரத்தின் பிழை வீதமே இதைவிடப் பல மடங்கு. அப்படிப்பட்ட கருவியை வைத்து இந்த வித்தியாசத்தை அளக்கவே முடியாது என்பது என் கருத்து.

ரேவதி சு.:

பட்டாம்பூச்சிச் சீட்டுக்கு வருகிறேன். 'படிக்கத் தெரியாதவர்கள் செய்த தவறு' என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஏட்டின் அமைப்பைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

1998-ல் ஃபுளோரிடா அரசியல் சாசனத் திருத்தம் சிறு கட்சிகள் சீட்டில் இடம்பெறுவதை எளிதாக்கியது. அதனால் 2000-ல் அதிபர் பதவிக்கு மட்டும் பத்து வேட்பாளர்கள். பத்தையும் ஒரே பக்கத்தில் போட்டால் எழுத்து சிறுத்துவிடும். பாம் பீச்சில் முதியோர் மிக அதிகம். தேர்தல் அதிகாரி தெரசா லெபோர் எழுத்தைப் பெரிதாக்குவதற்காகப் பெயர்களை எதிரெதிராக இரண்டு பக்கங்களில் பிரித்துப் போட்டார். துளை வரிசை நடுவில் ஒன்றே ஒன்றுதான்.

இடப்பக்கம் முதலில் புஷ், அவருக்கு 3-ம் துளை. ஆளுநரின் கட்சிக்கு முதலிடம் என்பது மாநிலச் சட்டம், அப்போது ஆளுநர் ஜெப் புஷ். இடப்பக்கம் இரண்டாவது கோர், அவருக்கு 5-ம் துளை. இடையிலுள்ள 4-ம் துளை வலப்பக்கம் முதலில் இருந்த சீர்திருத்தக் கட்சியின் பேட் புக்கானனுக்கு. இடப்பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படிப்பவருக்குக் கோர் இரண்டாவது பெயர், எனவே இரண்டாவது துளையைக் குத்துகிறார். அது புக்கானன். அம்புக்குறி போட்டிருந்தார்கள், உண்மை. ஆனால் கருவியில் ஏடு சற்றுச் சாய்வாக உட்காரும்; பார்க்கும் கோணத்தைப் பொறுத்து அம்பும் துளையும் ஒரே கோட்டில் தெரியாது.

புக்கானன் பாம் பீச்சில் பெற்றது 3,400-க்கும் மேல். மாநிலம் முழுக்கவே அவருக்கு 17,484தான். சந்தேகத்தைத் தீர்க்கும் சான்று தபால் ஓட்டில் இருக்கிறது: அதே கவுண்டியின் தபால் வாக்காளர்களுக்குப் பட்டாம்பூச்சி ஏடு இல்லை. அவர்களிடம் புக்கானன் பெற்ற விகிதத்தைவிடச் சாவடியில் ஓட்டுப் போட்டவர்களிடம் அவர் பெற்ற விகிதம் சுமார் நான்கு மடங்கு. அதில் பெரும்பகுதி தன் ஓட்டாக இருக்காது என்று புக்கானனே தொலைக்காட்சியில் சொன்னார்.

இதைவிடப் பெரிய இழப்பு இரட்டைத் துளைகளில். தவறாக 4-ஐக் குத்தியவர் உடனே உணர்ந்து 5-ஐயும் குத்துகிறார், சீட்டு செல்லாததாகிறது. கோர், புக்கானன் இருவருக்கும் துளை விழுந்த சீட்டுகள் 5,330. கோருக்கும் அவருக்கு அடுத்த 6-ம் துளைக்கும் விழுந்தவை 2,908. துணை அதிபர் வேட்பாளர் லீபர்மேன் பெயர் கோருக்குக் கீழே இருந்ததால் அவருக்கும் ஒரு குத்து என்று நினைத்திருக்கலாம். புஷ், புக்கானன் இருவருக்கும் விழுந்தவை 1,631. வாக்காளர் தவறை உணர்ந்தால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துப் புது அட்டை வாங்கலாம் என்பது விதி. அது பலருக்குத் தெரியாது, நெரிசலில் கேட்கவும் தயக்கம்.

டுவால் கவுண்டி பற்றி யாரும் பேசுவதில்லை, அது எனக்கு வருத்தம். ஜாக்சன்வில் நகரம் உள்ள கவுண்டி. அங்கே பத்துப் பெயர்களை அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் போட்டார்கள். முன்கூட்டி வெளியிட்ட மாதிரிச் சீட்டில் 'எல்லாப் பக்கங்களிலும் ஓட்டுப் போடுங்கள்' என்ற பொருளில் அறிவுரை இருந்தது. சொன்னபடி செய்தவர்கள் முதல் பக்கத்தில் ஒன்று, இரண்டாம் பக்கத்தில் ஒன்று குத்தினார்கள். சுமார் 22,000 ஓட்டு அப்படியே செல்லாமல் போனது. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் இழப்பு மிக அதிகம்.

கருவியைவிட, அதை எங்கே வைத்து எண்ணினார்கள் என்பதும் முக்கியம். சாவடியிலேயே ஸ்கேனர் இருந்த கவுண்டிகளில் இரட்டைக் குறியிட்ட தாளை இயந்திரம் அங்கேயே வெளியே தள்ளும். வாக்காளர் திருத்திப் போடலாம். அங்கே செல்லாத ஓட்டு 1%-க்கும் கீழ். அதே தாளைப் பெட்டியில் சேர்த்து மையத்துக்குக் கொண்டுபோய் எண்ணிய கவுண்டிகளில் அது 5%-க்கும் மேல், துளை அட்டையைவிட மோசம். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள கேட்ஸ்டன் கவுண்டியில் மைய எண்ணிக்கைதான். செல்லாதவை சுமார் 12%.

இளவேனில்:

இருவருக்கும் நன்றி. அம்பும் துளையும் பற்றிய விளக்கம் இப்போதுதான் உறைக்கிறது. அப்படியென்றால் மாநிலம் முழுக்க எல்லாச் சீட்டையும் கையால் எண்ணச் சொல்லிக் கோர் தரப்பு ஏன் முதலிலேயே கேட்கவில்லை? பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் நிற்காமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை என்கிறார்களே, அதுவும் சரிதானா?

பாரி:

சட்டத்தில் அப்படி ஒரு வழி இல்லை. அன்றைய ஃபுளோரிடா சட்டப்படி வித்தியாசம் 0.5%-க்குள் இருந்தால் இயந்திர மறு எண்ணிக்கை தானாக நடக்கும். கையால் எண்ண வேண்டுமென்றால் வேட்பாளர் ஒவ்வொரு கவுண்டியிலும் தனித்தனியாக மனு கொடுக்க வேண்டும், அதுவும் 72 மணி நேரத்துக்குள். கவுண்டியின் குழு முதலில் மாதிரிக்கு மூன்று சாவடிகளாவது, மொத்த ஓட்டில் 1% ஆவது எண்ணிப் பார்க்கும். முடிவைப் பாதிக்கும் பிழை தெரிந்தால்தான் முழுக்க எண்ணும். கோர் தரப்பு நான்கு கவுண்டிகளில் மனு கொடுத்தது: வொலூஷியா, பாம் பீச், ப்ரோவார்ட், மயாமி-டேட். நான்கும் அவருக்குச் சாதகமானவை. நவம்பர் 15-ல் 'இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 67-லும் எண்ணலாம்' என்று கோர் அறிவித்தார், புஷ் ஏற்கவில்லை. அதற்குள் 72 மணி நேரக் கெடுவும் தாண்டிவிட்டது. நான்கை மட்டும் தேர்ந்தது சட்ட வழியில் எளிது, ஆனால் நியாயம் பேசும் தகுதியை அது குறைத்தது என்றே நினைக்கிறேன்.

பிறகு எல்லாம் நேரத்தோடு நடந்த மல்லுக்கட்டு. மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ் நவம்பர் 14 மாலை 5 மணி என்ற கெடுவில் உறுதியாக நின்றார். மாநில உச்ச நீதிமன்றம் அதை 26 மாலை 5 மணிக்குத் தள்ளியது. மயாமி-டேட் 22-ம் தேதி எண்ணிக்கையை நிறுத்தியது. கட்டடத்துக்குள் புஷ்ஷின் குடியரசுக் கட்சியினர் கூச்சலிட்ட நாள் அது. குழு சொன்ன காரணம் நேரம் போதாது என்பது. அங்கே சுமார் 9,000 சீட்டுகள் கையால் பார்க்கப்படாமலேயே கிடந்தன. பாம் பீச் நன்றி நவிலும் நாளன்று விடுமுறை எடுத்தது, 26-ம் தேதி கெடுவை இரண்டு மணி நேர அளவில் தவறவிட்டது. அவர்கள் கணக்கு சேர்க்கப்படவில்லை.

டிசம்பர் 8-ல் மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில், பாம் பீச் கணக்கையும் மயாமி-டேட்டில் எண்ணியவரை கிடைத்த 168-ஐயும் சேர்க்கச் சொன்னது. பாம் பீச் எண் 215-ஆ 176-ஆ என்பதிலேயே சர்ச்சை. அதைப் பொறுத்து வித்தியாசம் 154 அல்லது 193 ஆக இறங்கியது. கூடவே, எல்லாக் கவுண்டிகளிலும் இயந்திரம் ஓட்டே இல்லை என்று ஒதுக்கிய அண்டர்வோட் சீட்டுகளைக் கையால் பார்க்கவும் உத்தரவு. மறுநாள் எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கும்போதே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4-ல் தடை விதித்தது. 12-ம் தேதி தீர்ப்பு. எது ஓட்டு என்பதற்கு ஒரே அளவுகோல் இல்லாதது சமத்துவ உரிமைக்கு முரண் என்பதில் ஏழு நீதிபதிகள் உடன்பட்டார்கள். திருத்திக்கொண்டு எண்ண நேரமில்லை என்பதில்தான் 5-4.

அளவுகோல் புகாரில் உண்மை இருந்தது. பாம் பீச் குழு முழுதாக ஒட்டிய சாட்டை ஏற்காத 1990 விதியில் தொடங்கியது. பிறகு வெளிச்சம் தெரிந்தால் போதும் என்றது. மறுபடி 1990 விதிக்குப் போனது. கடைசியில் டிம்பிளையும் பரிசீலிக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்தது. பக்கத்துக் கவுண்டியான ப்ரோவார்ட் தாராளமாக எண்ணிப் பாம் பீச்சைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு புது ஓட்டுகளைக் கண்டெடுத்தது. ஆனால் அளவுகோல் இல்லையென்றால் அதை வகுத்துக் கொடுத்து எண்ணச் சொல்வதுதானே முறை? டிசம்பர் 12 என்பது மாநிலத்தின் முடிவை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கேள்வி கேட்காமல் ஏற்பதற்கான தேதி மட்டுமே. அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் ஓட்டுப் போட்டது 18-ல். அந்த ஆறு நாளை நீதிமன்றம் கொடுத்திருக்க வேண்டும்.

நேடர் விஷயம்: அவர் பெற்றது 97,488. அதில் சிறு பங்கு கோருக்குப் போயிருந்தாலே போதும், சந்தேகமில்லை. ஆனால் பத்து வேட்பாளர்களில் கடைசி இடம் பிடித்த சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சி ஜேம்ஸ் ஹாரிஸுக்கே 562 ஓட்டு. 537-ஐவிட அதிகம். இவ்வளவு மெல்லிய வித்தியாசத்தில் எதைத் தொட்டாலும் அதுவே காரணமாகத் தெரியும். நேடரை மட்டும் சுட்டுவது போதாது.

மணிவண்ணன்:

'முழுக்க எண்ணியிருந்தால்' என்ற கேள்விக்கு விடை இரண்டாகப் படிக்கக் காரணம், எந்தச் சீட்டை எண்ணுகிறோம் என்பதைப் பலர் சொல்லாமல் விடுவதுதான்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் ஆய்வு மையம், எட்டு செய்தி நிறுவனங்களின் கூட்டமைப்புக்காக 1,75,010 ஒதுக்கப்பட்ட சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. 2001 நவம்பரில் முடிவு வந்தது. அவற்றில் 61,190 அண்டர்வோட், 1,13,820 ஓவர்வோட், அதாவது ஒன்றுக்கு மேல் குறி விழுந்ததால் ஒதுக்கப்பட்டவை. கோர் கேட்டபடி நான்கு கவுண்டிகளை முடித்திருந்தால் புஷ் 225 ஓட்டில் வெற்றி. மாநில நீதிமன்றம் சொன்னபடி அண்டர்வோட்டை மட்டும் எண்ணியிருந்தால் புஷ் 430, கவுண்டிகள் உண்மையில் எண்ணத் தயாரான விதத்தில் எண்ணியிருந்தால் 493. இரண்டு வகையையும் சேர்த்து மாநிலம் முழுக்கப் பார்த்தால், எந்த அளவுகோலை வைத்தாலும் கோர். பரவலான அளவுகோலில் 60, கவுண்டிகளின் சொந்த வழக்கப்படி 171.

ஆக, நீதிமன்றத்தில் இரு தரப்பும் அண்டர்வோட்டைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள், கோரின் ஓட்டு ஓவர்வோட் கட்டில் கிடந்தது. இரட்டைக் குறி என்றால் நோக்கம் தெரியாதே என்று தோன்றும். எல்லாம் அப்படியல்ல. ஸ்கேனர் தாளில் கோர் வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு, கீழே கையால் பெயர் எழுதும் இடத்திலும் 'கோர்' என்று எழுதியவர்கள் உண்டு. புஷ்ஷுக்கும் அப்படியே. இயந்திரத்துக்கு அது இரண்டு ஓட்டு, மனிதருக்கு ஒன்றுதான். லேக் கவுண்டியில் மட்டுமே நூற்றுக்கணக்கில் இருந்தன. டிசம்பர் 9-ல் எண்ணிக்கையை மேற்பார்த்த நீதிபதி டெரி லூயிஸ் ஓவர்வோட்டையும் சேர்ப்பது பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் தடை வந்துவிட்டது.

ஓர் எச்சரிக்கை. 60, 171 என்பவையும் அந்த முறையின் பிழைக்குள் அடங்கும் எண்கள்தான். ஒரே அட்டையைப் பார்த்த ஆய்வாளர்களே டிம்பிளில் சில சமயம் வேறுபட்டார்கள். அதோடு, பட்டாம்பூச்சி ஏட்டில் புக்கானனுக்குப் போன ஓட்டும், புக்கானனும் கோரும் சேர்ந்து துளைபட்ட அந்த 5,330-ம் இதில் எந்தக் கணக்கிலும் கோருக்குத் திரும்பவில்லை. எந்த மறு எண்ணிக்கையாலும் மீட்க முடியாத ஓட்டுகள் அவை. மறு தேர்தல் கேட்டுப் போட்ட வழக்கும் தள்ளுபடி. அந்தச் சீட்டு சட்டவிரோதமானதல்ல என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ரேவதி சு.:

பின்னால் என்ன மாறியது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். 2001-ல் ஃபுளோரிடா துளை அட்டையைத் தடை செய்தது. 2002-ல் வந்த தேசியச் சட்டம் அதையும் நெம்புகோல் இயந்திரத்தையும் மாற்ற மாநிலங்களுக்குப் பணம் கொடுத்தது. பல கவுண்டிகள் தொடுதிரைக்குப் போயின. 2006-ல் சாரசோட்டாவில் காங்கிரஸ் தேர்தலில் சுமார் 18,000 பேரின் ஓட்டு அந்தப் பதவிக்குப் பதிவாகவே இல்லை, வெற்றி வித்தியாசம் 369. திரும்ப எண்ண காகிதமே கிடையாது. 2007-ல் மாநிலம் மறுபடி ஸ்கேனர் தாளுக்கே வந்தது. இப்போது 0.5%-க்குள் என்றால் இயந்திர மறு எண்ணிக்கை, 0.25%-க்குள் என்றால் அண்டர்வோட், ஓவர்வோட் இரண்டையும் கையால் பார்க்க வேண்டும். இரண்டையும் என்பதுதான் 2000 கற்றுக்கொடுத்த மாற்றம்.

ஏட்டு வடிவமைப்புச் சிக்கல் மட்டும் தீர்ந்தபாடில்லை. 2018-ல் ப்ரோவார்ட் கவுண்டி செனட் போட்டியை இடப்பக்கம், நீளமான அறிவுரைப் பத்திக்கு அடியில் போட்டது. ஆளுநர் போட்டி அடுத்த பத்தியின் தலைப்பில் பளிச்சென்று இருந்தது. ஆளுநருக்கு விழுந்ததைவிடச் செனட்டுக்கு அந்தக் கவுண்டியில் சுமார் 25,000 ஓட்டு குறைந்தது. மாநில அளவில் வெற்றி வித்தியாசம் 10,033. கையால் பார்த்தபோது அந்தச் சீட்டுகளில் பெரும்பாலானவை செனட் இடத்தில் உண்மையிலேயே வெறுமையாகத்தான் இருந்தன.